நனைந்து காய்ந்த மூச்சுக்கவசம்

இசக்கிதுரை என்ன வேலை பார்க்கிறான் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். அவன் அம்மா ஆறுமுகத்தாய் அக்காவுக்கு மட்டும்தான் விவரம் தெரியும். "கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பட்டாளத்துக்காரன் இருக்கான். எம்புள்ள அவனத் தண்ணியில நிக்க வெச்சு, துப்பாக்கி எவ்வளவு நேரத்துல துருப்பிடிக்குன்னு பாக்கான். அதுக்குச் சம்பளம் குடுக்காவ" என்பாள்.

சாத்தான்குளத்திலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்களிடமும் அக்கா இதையே சொல்லிவிட்டாள். பெண்ணின் பெரியப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "துருப்பிடிச்ச பொறவு என்ன செய்வாரு?" என்று கேட்டார். "பொறவு வேற துப்பாக்கி குடுப்பாவ, அதையும் நனைப்பான்" என்றாள் அக்கா. அன்றைக்குப் பஸ் ஏறிப் போனவர்கள்தான். அதற்குப் பிறகு ஒரு போன்கூட வரவில்லை.

நான் பிச்சைக்கண்ணு. வண்ணார்பேட்டை மெயின் ரோட்டில் முப்பத்தோரு வருஷமாக மிக்ஸி, கிரைண்டர், பேன், இன்வெர்ட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் அதிகம், பொறுமை குறைவு. என் மனைவி அன்னத்தாய் இதைக் கல்யாணமான மறுவாரமே கண்டுபிடித்துவிட்டாள். கடையிலிருந்து ஆற்றுப் பக்கமாக இறங்கும் தெருவில், துரை வீட்டுக்கு எதிர்வீட்டு மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். ஆறுமுகத்தாய் எனக்குச் சொந்தம் இல்லை, பழக்கத்தில் அக்கா. அந்த வகையில் துரைக்கு நான் மாமா, அவன் எனக்கு மருமகன்.

துரை நாலாம் வகுப்பு படிக்கும்போது அவன் அப்பா இறந்துபோனார். அக்கா பீடி சுற்றி அவனைப் பாளையங்கோட்டையில் காலேஜ் வரை படிக்கவைத்தாள். காலேஜுக்குப் போன நேரத்தைவிட கம்ப்யூட்டர் சென்டரில் விளையாடிய நேரம்தான் அதிகம் என்று நானே அக்காவிடம் கோள் சொல்லியிருக்கிறேன். கடைசியில் அந்த விளையாட்டே அவனுக்குப் பெங்களூரில் வேலை வாங்கிக் கொடுத்தது. கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில், வெளியே வருவதற்கு முன்னால் விளையாடிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

கொரோனா வந்தபோது வீட்டிலிருந்தே வேலை என்று ஊருக்கு வந்தான். இரண்டாம் அலையில் அக்காவுக்கு நோய் கண்டது. ஆஸ்பத்திரி வார்டில் இருபத்தாறு நாள் கிடந்து பிழைத்து வந்தாள். பீடித் தூள் இருந்த நுரையீரலில் கொரோனாவும் தழும்பு போட்டுவிட்டது என்றார் டாக்டர். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மிஷின் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும், இனி அது இல்லாமல் முடியாது என்றும் சொன்னார். துரையின் காலேஜ் நண்பர்கள் எங்கெங்கோ அலைந்து ஒன்றை வாங்கி அனுப்பினார்கள். முழங்கால் உயரம், கீழே சக்கரம், முன்னால் ஒரு பச்சை விளக்கு, பக்கத்தில் தண்ணீர் பாட்டில். ஓடும்போது பாட்டிலில் குமிழி குமிழியாகக் கொப்பளிக்கும். அதன் இரைச்சல் தெருவரைக்கும் கேட்கும்.

அக்கா அதற்குக் கொறட்டைக்காரன் என்று பெயர் வைத்தாள். "எங்க வீட்டுக்காரர் போன பொறவு இந்த வீட்டுல கொறட்டைச் சத்தமே இல்ல தம்பி. இப்பத்தான் ஒருத்தன் வந்திருக்கான்" என்று மூக்கில் குழாயோடு சிரிப்பாள். அவள் இருந்தால் தெருவில் யாரும் ரொம்ப நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்க முடியாது.

கொரோனா முடிந்ததும் எல்லோரும் பெங்களூர் திரும்ப வேண்டும் என்றார்கள். துரை வர முடியாது என்றான். வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அவன் குழுவில் யாரும் விரும்பாத பகுதியை அவன் தலையில் கட்டினார்கள். அதற்குச் சூழல் சேதம் என்று பெயர்.

அது என்ன என்று ஒருநாள் எனக்குக் காட்டினான். பாதி முழுகிப்போன ஒரு நகரம். அங்கே உயிரோடு எஞ்சியிருக்கிற ஒரே பட்டாளத்துக்காரன். எதிரிகள் சுடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஊரின் காற்றும் மழையுமே அவனுடைய சாமான்களைத் தின்றுகொண்டிருக்கும். அமில மழையில் நின்றால் மேலங்கி ஓட்டை விழும். மணல் காற்றில் தொலைநோக்கியின் கண்ணாடி கீறிப்போகும். பனியில் டார்ச் பேட்டரி செத்துவிடும். சேற்றில் விழுந்தால் துப்பாக்கி ஒவ்வொரு மூன்றாவது குண்டுக்கும் மாட்டிக்கொள்ளும். விஷப்புகை நிற்கிற தெருக்களில் நடக்க ஒரு மூச்சுக்கவசம் உண்டு. அது தண்ணீரில் நனைந்தால் வேலை செய்யாது. ஒவ்வொரு சாமானுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னப் பட்டை இருக்கும். முழுசாக இருந்தால் பச்சை, குறையக் குறைய மஞ்சள், சிவப்பு. எதிரிகள் யாரும் இல்லாத தெருவில் துரை அவனைக் காலையிலிருந்து மாலை வரை மழையில் நிறுத்திவைத்து, பட்டை எவ்வளவு நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று எழுதிக்கொண்டிருப்பான்.

"ஏலே, பாவம்லா அவன். ஒரு குடையாவது குடு" என்றேன்.

"குடை வெச்சா எப்பிடி மாமா டெஸ்ட் பண்ணுறது?" என்றான்.

ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்து, நிஜமான சாமான்கள் தண்ணீரில் நனைந்தால் என்ன ஆகும் என்று கேட்டான். நான் அப்போது ஒரு கிரைண்டர் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எரிச்சலில் சொன்னேன்: "நனைஞ்சு காஞ்ச சாமான் மூணு தினுசு. ஒண்ணு ஓடும். ஒண்ணு ஓடாது. இன்னொண்ணு ஓடுத மாதிரி இருக்கும். முதல் ரெண்டாலயும் தொந்தரவு இல்ல. மூணாவதுதான் ஆளக் கொல்லும். போ, வேலையப் பாக்க விடு."

அவன் போகவில்லை. அதை அப்படியே போனில் எழுதிக்கொண்டான். அன்றைக்கே கம்பெனிக்கு ஒரு புகார் அனுப்பினான். அவர்கள் பாஷையில் அதற்கு டிக்கெட் என்று பெயர். நனைந்த மூச்சுக்கவசத்தை நெருப்புப் பக்கத்தில் வைத்தால் காய்ந்து, பட்டை மறுபடி முழுப் பச்சையாகிவிடுகிறது. இது தப்பு, உள்ளே வடிகட்டும் பொருள் ஊறிவிட்டால் காய்ந்தாலும் பழையபடி ஆகாது, பட்டை பச்சையாக இருந்தாலும் அது காப்பாற்றக் கூடாது என்று எழுதியிருந்தான். அவனுக்கு மேலே இருந்த நித்யா என்ற பெண், பார்க்கிறோம் என்று பதில் போட்டிருந்தாள். என் பேச்சு பெங்களூர் வரை போய்விட்டது என்று நான் பத்து நாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

இனி எங்கள் சுவர்களில் உள்ள கோடு பற்றிச் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்றிரண்டில் ஆறு எங்கள் தெருவுக்குள் வந்தது. துரை அப்போது அக்கா வயிற்றில் இருந்தான். தண்ணீர் வடிந்த பிறகு, சுவரில் சேற்றுக்கறை நின்ற இடத்தில் அவன் அப்பா சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். நெஞ்சு உயரம் இருக்கும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்படி ஒரு கோடு உண்டு. அதற்குப் பிறகு சுவிட்ச் போர்டு வைத்தாலும், சாமி படம் மாட்டினாலும், பத்திரங்கள் இருக்கும் பெட்டியை வைத்தாலும் கோட்டுக்கு மேலேதான். புதிதாகக் குடிவருகிறவர்களிடம் வீட்டுக்காரர் முதலில் காட்டுவது கோட்டைத்தான். நானே எத்தனையோ வீடுகளில் இன்வெர்ட்டரைக் கோட்டுக்கு ஒரு முழம் மேலே மாட்டி, "இனி ஆறே வந்தாலும் கவல இல்ல" என்று சொல்லியிருக்கிறேன். ஆறு அந்தக் கோட்டைப் படித்துவிட்டு நிற்கும் என்று நாங்கள் நம்பினோம். வேறு எந்த ஊரிலும் இவ்வளவு முட்டாள்கள் ஒரே தெருவில் இருந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று, மார்கழி பிறந்த முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை பிடித்த மழை விடவே இல்லை. மத்தியானம் கரண்ட் போனது. துரை கொறட்டைக்காரனை நிறுத்திவிட்டு அக்காவை ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றினான். வீட்டில் எப்போதும் சின்னச் சிலிண்டர் இரண்டு வைத்திருப்பான். சாயங்காலம் ஐந்து மணிக்கு, "மணிமுத்தாறு, பாபநாசம் ரெண்டு அணையையும் தொறந்துட்டாவளாம்" என்று தெருவில் ஒருத்தர் கத்திக்கொண்டு ஓடினார். அப்போதே தெருக்கோடியில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது.

நானும் துரையும் அக்காவை நாற்காலியோடு தூக்கி எங்கள் மாடிக்குக் கொண்டுவந்தோம். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற சின்னக் கருவி ஒன்று எப்போதும் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் தொங்கும். தெருவைக் கடக்கும்போது கயிறு அறுந்து அது தண்ணீரில் விழுந்தது. குனிந்து தேட நேரம் இல்லை. துரை மறுபடி போய் இரண்டு சிலிண்டர்களையும் தூக்கி வந்தான். மூன்றாவது தடவை போனபோது தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்துவிட்டது. திரும்பி வரும்போது தலைக்கு மேலே பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றிய ஒரு பெட்டி இருந்தது.

"ஏலே, மிஷினா?" என்று மேலே இருந்து கத்தினேன்.

"இல்ல மாமா, ஆபீஸ் கம்ப்யூட்டர். அது மேசையில, கோட்டுக்குக் கீழல்லா இருந்துது. மிஷினக் கோட்டுக்கு மேல சிலாப்புல ஏத்திட்டேன்."

"அப்ப சரி" என்றேன்.

இந்த "அப்ப சரி"யை நான் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவன் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. கோட்டுக்குக் கீழே இருந்ததைக் காப்பாற்றினான், மேலே இருந்ததை விட்டான். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

திங்கட்கிழமை விடிந்தபோது தெரு இல்லை. துரை வீட்டு ஜன்னலின் மேல்பாதிதான் தெரிந்தது. செந்நிறமாகத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. அதில் ஒரு கேஸ் அடுப்பும் ஒரு நாயும் மிதந்து போயின. ஜன்னல் கம்பிகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் துரை சொன்னான், "கோட்டுக்கு மேல ரெண்டு சாண் வந்திருக்கு மாமா." காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். சிலிண்டரில் முள் எங்கே நிற்கிறது, இப்போதைய அளவில் விட்டால் எத்தனை மணி நேரம், பாதியாகக் குறைத்தால் எத்தனை மணி நேரம். கேமில் அவன் தினமும் போடுகிற அதே கணக்குதான். அளவைப் பாதியாகக் குறைத்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, பேசாமல், மூச்சுக்கு ஒன்று இரண்டு என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு கிடந்தாள். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. சமையல்கட்டுக்குப் போய் நின்றுகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை படகில் வந்த இளைஞர்கள் இன்னொரு சிலிண்டர் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறீர்களா, கொண்டு விடுகிறோம் என்றும் கேட்டார்கள். அக்கா துரையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்யா. அந்த வார்டுல எனக்கு இங்கிட்டு ஒருத்தி, அங்கிட்டு ஒருத்தி, ரெண்டு பேரும் போயிட்டாவ. நான் மட்டும் வந்தேன். திரும்பப் போனா வர மாட்டேன்." தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மிஷின் ஓடினால் வீட்டிலேயே இருக்கலாம், ஓடாவிட்டால் எப்படியும் ஆஸ்பத்திரிக்குத்தான் என்று துரை அவளிடம் சொன்னான். அவளும் சரி என்றாள். ஆக, எல்லாம் என் கைக்கு வந்தது.

புதன்கிழமை காலை மிஷினைச் சேற்றிலிருந்து எடுத்து என் கடைக்குத் தூக்கி வந்தோம். கடைக்குள் கணுக்கால் தண்ணீர்தான் வந்திருந்தது. கழற்றினேன். மோட்டாருக்குள் சேறு, போர்டில் சேறு, விசிறியில் சேறு. எல்லாவற்றையும் பிரஷ் போட்டுக் கழுவித் துடைத்தேன். உள்ளே நீளமாக இரண்டு அலுமினியக் குழல்கள் இருந்தன. ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஜவ்வரிசி மாதிரி ஏதோ உருண்டது. அதிலிருந்தும் கொஞ்சம் தண்ணீர் சொட்டியது. அது என்ன என்று எனக்குத் தெரியாது. மிக்ஸியிலும் கிரைண்டரிலும் அப்படி ஒன்று கிடையாது. கவிழ்த்து வைத்தேன். எங்கள் மொட்டைமாடியில் தெருக்காரர்களின் பாய்களும் புத்தகங்களும் ரேஷன் கார்டுகளும் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே கொறட்டைக்காரனையும் துண்டு துண்டாகப் பரப்பி, இரண்டு நாள் வெயிலில் போட்டோம். மழைக்குப் பிறகு வந்த வெயில் நல்ல வெயிலாகவும் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் கரண்ட் வந்தது. கடையிலேயே எல்லாவற்றையும் சேர்த்து முடுக்கி, பிளக்கைச் செருகினேன். துரை பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் பச்சை விளக்கு எரிந்தது, கொறட்டைச் சத்தம் கிளம்பியது, பாட்டிலில் குமிழி கொப்பளித்தது.

"ஓடுதா மாமா?"

முப்பத்தோரு வருஷமாக இந்தக் கேள்விக்கு நான் சொல்லிவந்த பதில் ஒன்றுதான். அதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு.

"ஓடுது" என்றேன்.

அவன் என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதான். அன்னத்தாய் தெருவுக்கே டீ போட்டாள். கடைசிச் சிலிண்டரில் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. அக்காவை மிஷினுக்கு மாற்றினோம். அன்றைக்கு எங்கள் தெருவில் சந்தோஷமாக இருந்த ஒரே வீடு எங்களுடையதுதான்.

மறுநாளிலிருந்து அக்கா அதிகமாகத் தூங்கினாள். காலையில் தலை வலிக்கிறது என்றாள். உதடு கறுத்தாற்போல இருந்தது. வெள்ளத்தில் பயந்துவிட்டாள் என்றேன் நான். சேற்று நாற்றமும் பிளீச்சிங் பவுடர் நெடியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் அன்னத்தாய். துரை விரலில் மாட்டும் கருவிக்காக ஊரெல்லாம் அலைந்தான். பாதி மருந்துக்கடைகள் தண்ணீரில் போய்விட்டன. திறந்திருந்த கடைகளில் தீர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் அக்காவே சொன்னாள். "எய்யா, கொறட்டக்காரன் சத்தந்தான் போடுதான். காத்த அவனே குடிச்சிருதானோ என்னமோ."

நாங்கள் சிரித்தோம். அவளுக்குக் கேலி திரும்பிவிட்டது, இனிப் பயமில்லை என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. துரை அவள் மூக்கிலிருந்த குழாயை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் முக்கிக் காட்டினான். "பாரும்மா, எப்பிடிக் கொப்பளிக்கு. நல்லாத்தான் வருது." அக்கா குமிழிகளைப் பார்த்தாள். பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையை ஆட்டினாள். குழாயை மறுபடி அவளே மாட்டிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு கடையில் கருவி கிடைத்தது. துரை ஓடி வந்து அவள் விரலில் மாட்டினான். எழுபத்தொன்று காட்டியது. தொண்ணூறுக்கு மேலே இருக்க வேண்டும். கருவி கெட்டதோ என்று அவன் விரலில் மாட்டினான், தொண்ணூற்றெட்டு. என் விரலில் தொண்ணூற்றேழு. அவள் விரலில் திரும்பவும் எழுபத்தொன்று. மிஷினின் திருகை முழுசாகத் திருகிவிட்டான். பாட்டில் தளதளவென்று கொப்பளித்தது. எழுபத்தொன்று நகரவில்லை.

துரை மிஷினைத் திரும்பிப் பார்த்தான். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ஓடுத மாதிரி இருக்கு மாமா" என்றான்.

ஆம்புலன்ஸில் அக்கா என் கையைத்தான் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். ஐந்து நாள் ஆக்சிஜனுக்குப் பட்டினி கிடந்த இதயத்தால் தாங்க முடியவில்லை என்றார் டாக்டர். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போய்விட்டாள். ஐம்பத்தெட்டு வயது.

ஆஸ்பத்திரியில் மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் தாஜ் முகம்மது என்பவரிடம் நான் பின்னால் ஒருநாள் போய் விசாரித்தேன். அந்த ஜவ்வரிசி மணிகள்தான் காற்றைப் பிரிக்கிறவை, அவை ஈரம் குடித்துவிட்டால் வெயிலில் எத்தனை நாள் போட்டாலும் அந்தச் சக்தி திரும்பாது என்றார் அவர். மோட்டார் ஓடும், விளக்கு எரியும், குமிழி வரும், ஆனால் உள்ளே போகிற காற்றே அப்படியே வெளியே வரும். சில மிஷின்களில் அதைச் சொல்ல மஞ்சள் விளக்கு உண்டு, இதில் இல்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி, விடுங்க" என்றார். நல்ல மனுஷன். ஆனால் அது எனக்கு முன்பே தெரியாத ரகசியம் ஒன்றும் இல்லை. நானே ஒரு மத்தியானம் கிரைண்டரைத் தட்டிக்கொண்டு சொன்னதுதான். அதைக் கேட்டு எழுதிவைத்தவனும் பக்கத்திலேயே நின்றிருந்தான். நான் "ஓடாது" என்று சொல்லியிருந்தால் அக்காவை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்போம்.

துரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகும், கிடைத்த சோற்றைத் தின்றுவிட்டு எங்கள் மாடியிலேயே கிடந்தான். அவன் வீட்டுச் சுவர் இன்னும் காயவில்லை. பழைய சிவப்புக் கோட்டுக்கு மேலே இரண்டு சாண் உயரத்தில் புதுச் சேற்றுக்கறை நின்றது. தெருவில் சிலர் புதிய கோடு போட ஆரம்பித்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில், எதிரே கோடு போட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன்.

பொங்கல் கழிந்த மறுவாரம் நித்யா போன் செய்தாள். துரை போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தான். "துரை, அவசரம் எதுவும் இல்ல. நீங்க போட்ட பழைய டிக்கெட் ஒண்ணு இருக்கு, அந்த மாஸ்க் விஷயம். மேல பேசினோம். நனைஞ்சது திரும்பச் சரியாகலன்னா விளையாடுறவங்க வெறுத்துப்போய் கேமை மூடிடுவாங்களாம். காய வெச்சா முழுசாத் திரும்பணும், அதுதான் முடிவு. ஒரு தடவை டெஸ்ட் பண்ணி டிக்கெட்டை மூடணும். உங்களால முடியலன்னா வேற யாராவது பண்ணட்டும், பரவாயில்ல."

"இல்ல, நானே பாக்கேன்" என்றான் துரை.

வேண்டாம்லே, இன்னைக்கு வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது. அவன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு அவன் தலைக்கு மேலே தூக்கிக் காப்பாற்றிக் கொண்டுவந்த அதே கம்ப்யூட்டர். ஒரு குறையும் இல்லாமல் திறந்தது.

பட்டாளத்துக்காரனைத் தண்ணீருக்குள் இறக்கினான். கழுத்தளவு ஆழம். மூச்சுக்கவசத்தின் பட்டை பச்சையிலிருந்து மஞ்சளானது, சிவப்பானது, இல்லாமலே போனது. கரையேற்றி ஒரு நெருப்புப் பக்கத்தில் உட்கார வைத்தான். கொஞ்ச நேரத்தில் பட்டை சிவப்பாக எட்டிப் பார்த்து, வளர்ந்து, முழுப் பச்சையாக நின்றது. கவசத்தை அவன் முகத்தில் மாட்டி, விஷப்புகை மண்டிக் கிடந்த தெருவுக்குள் நடக்கவிட்டு, நடுவில் நிறுத்தினான்.

"பத்து நிமிஷம் நிக்கணும் மாமா. அதான் டெஸ்ட்."

பட்டாளத்துக்காரன் நின்றான். ஸ்பீக்கரில் அவன் கவசத்துக்குள் மூச்சு விடுகிற சத்தம் வந்தது. உள்ளே இழுத்து, வெளியே விட்டு, உள்ளே இழுத்து. கொறட்டைச் சத்தம் மாதிரியே இருந்தது. சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அன்னத்தாய் குழாயை மூடிவிட்டு வந்து நிலைப்படியில் நின்றாள். நாங்கள் மூன்று பேரும் அந்தப் பத்து நிமிஷமும் ஒருவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நேரம் முடிந்ததும் துரை டிக்கெட்டைத் திறந்து, சரியாக இருக்கிறது என்ற கட்டத்தில் அமுக்கினான். கையை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவன் பொழச்சிக்கிட்டான் மாமா" என்றான்.